நாம் என்று சொன்னவர்

மூங்கில்மடுவு
12-6-1987

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

ராஜாங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போன தடவை நான் வாங்கித் தந்த தைலத்தைத் தடவுகிறீர்களா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

இத்துடன் நான்கு பக்கம் வைத்திருக்கிறேன். படித்ததும் கோபப்படாதீர்கள். ஜாகீரை ஒழித்து சர்க்கார் உத்தரவு போட்டுப் பதினொரு வருஷம் ஆகிறது. அந்த உத்தரவு கல்வராயன் மலையில் மற்ற இடங்களுக்கு வந்திருக்கலாம், எங்கள் மூங்கில்மடுவுக்கு வரவில்லை. இங்கே இன்னும் பழைய ஜாகீர்தார் தொரைதான். விதைப்புக்கு முன் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஏர் கூலியில்லாமல் அவர் நிலத்துக்குப் போக வேண்டும், அதற்கு ஊழியம் என்று பெயர். புரட்டாசித் திருவிழாவில் முதல் தினையை அவர் வாசல் கல்லடியில் கொட்ட வேண்டும். அவர் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து சொல்வதுதான் சட்டம்.

பள்ளிக்குப் பக்கத்து வீட்டுத் தர்மன் போன வருஷம் தொரை அறுப்புக்குப் போய்விட்டு வந்தபோது, அவன் சொந்தத் தினை மழையில் சாய்ந்து முளைத்துவிட்டது. "உத்தரவு வந்து இத்தனை வருஷம் ஆச்சே, ஏன் போறே?" என்று கேட்டேன். "ஆர்டரு பேப்பர்ல கீது வாத்தியாரே. தொரை கல்லு மேல கீறாரு" என்றான்.

அதற்குத்தான் இந்த நான்கு பக்கம். வாத்தியார் மகன் பிறந்ததும் வாத்தியார் ஆகிவிடுவதில்லை, பரீட்சை எழுத வேண்டும். ஊரை ஆள்வதற்கு மட்டும் தொட்டிலே போதுமா? தொரை நம்மைத் தகப்பன்போலக் காக்கிறார் என்கிறார்கள். பிள்ளை தட்டிலிருந்து முதல் கவளத்தை எடுத்துத் தின்கிற தகப்பன் உண்டா? நெடுநாள் வழக்கம் என்கிறார்கள். நெடுநாள் வலித்தால் வலி உடம்பின் உறுப்பாகிவிடுமா? இப்படிப் போகிறது.

எழுத்துப் பிழை மட்டும் பாருங்கள். மலைக்காரர்களே பேசுவதுபோல 'நாங்க' என்றே எழுதியிருக்கிறேன். அச்சு ஓட்டுவதற்கு முன் புரூபை எனக்கு அனுப்புங்கள். என் பெயர் எங்கும் வேண்டாம்.

பணிவுடன்,
ராஜாங்கம்


கள்ளக்குறிச்சி
28-6-1987

தம்பி ராஜாங்கத்துக்கு,

அண்ணி தங்கமணியின் ஆசிகள். என் முழங்கால் என் வயசுக்கு ஏற்ற மரியாதையோடு நடந்துகொள்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். மலைத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்காதே.

நான்கு பக்கத்தில் முப்பதுக்கு மேல் பிழை. 'கறுப்பு' என்ற சொல்லை நீ எப்போது சரியாக எழுதப்போகிறாய்? உன் அண்ணன் கண்ணை மூடியபின் உன்னைத் திருத்த நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பது உனக்கு வசதியாகப் போயிற்று.

ஆனால் விஷயம் நல்ல விஷயம். கடலூர் கான்வென்ட்டில் எங்களுக்குச் சரித்திரம் நடத்திய மதர் சொல்வார்: கடலுக்கு அப்பால் குடியேறிய வெள்ளைக்காரர்கள் தாங்கள் கண்ணால் பார்த்தே இராத ராஜாவை உதறியபோது, முதலில் ஊர் ஊராகப் போனது அச்சடித்த காகிதம், துப்பாக்கி அதற்குப் பிறகுதான். காகிதம் சுத்தமாக இருந்தால்தான் எதிரி மதிப்பான்.

ஆகவே திருத்திவிட்டேன். 'நாங்க ஊழியத்துக்கு வரமாட்டோம்' என்று நீ எழுதியது பிள்ளைகள் அடம்பிடிப்பதுபோல இருந்தது. 'நாங்கள்' என்று எழுதினால் படிக்கிறவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவதாகும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், அவர்களுக்கு வேறு வழியில்லை. தமிழில் இரண்டு இருக்கும்போது நல்லதைத்தான் எடுக்க வேண்டும். எல்லா இடத்திலும் 'நாம்' என்று போட்டுவிட்டேன். முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: 'மூங்கில்மடுவு மலையில் இன்று முதல் ஊழியம் இல்லை, முதல் தினை இல்லை என்று நாம் இதனால் அறிவிக்கிறோம்.' வாய்விட்டுப் படித்துப் பார். நிமிர்ந்து நிற்கிறது அல்லவா?

புரூப் அனுப்பவில்லை. நான் பார்த்தபின் நீ பார்க்க என்ன இருக்கிறது? பஸ் ஸ்டாண்டு எதிரே கல்யாணப் பத்திரிகை அடிப்பவனிடம் கொடுத்து அச்சிட்டாயிற்று. நம் நிலத்தைக் குத்தகைக்கு உழும் மாயவன் புகையிலைக் கட்டுக்குள் வைத்து எடுத்துவருகிறான். கொடுத்தபோது வழக்கம்போலத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வாங்கினான். அவனுக்கு ஒரு வாய் சோறு போட்டு அனுப்பு.

நலம் விரும்பும்,
அண்ணி


மூங்கில்மடுவு
15-7-1987

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

அண்ணி, ஒரு காரியம் நடந்துவிட்டது. உங்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெள்ளிமலைச் சந்தையில் டீக்கடைக் கண்ணாயிரம் அந்தக் காகிதத்தை உரக்கப் படித்திருக்கிறான். 'நாம் இதனால் அறிவிக்கிறோம்' என்றதும் சுற்றி இருந்தவர்கள் வாயில் கைவைத்துக்கொண்டார்களாம். எங்கள் பக்கத்து மலையில் தன்னை 'நாம்' என்று சொல்லிக்கொள்பவர் ஒரே ஒருவர்தான். பசி எடுத்தாலும் 'நாம சாப்புடணும்' என்பார். மற்றவர்கள் எல்லோரும் 'நாங்க'தான். கணவனும் மனைவியும் தனியாகப் பேசிக்கொள்ளும்போதுகூட 'நாம' என்ற சொல் வாயில் வராது, கூசுவார்கள். நான் ஆறு வருஷம் இங்கே இருந்து காதில் விழுந்ததை உங்களுக்குச் சொல்லிவைக்காதது என் தவறு.

ஆக, தொரையே ஊழியத்தை ஒழித்துவிட்டார் என்று மலை முழுக்கச் செய்தி. தர்மன் ஓடிவந்து, "வாத்தியாரே, தொரை மனசு மாறிக்கினாரு! இனிமே ஏரு இல்லியாம்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மறுநாள் மேளத்தோடு, பலாப்பழமும் தேனும் எடுத்துக்கொண்டு நன்றி சொல்ல அவர் வீட்டுக்கே போய்விட்டார்கள்.

தொரை கல்லின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாராம். தேனை மட்டும் விரலால் தொட்டுச் சுவைத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்று யோசித்தேன், அண்ணி. உங்கள் மதர் சொன்ன அந்தக் கடலுக்கு அப்பால் இருந்த ராஜாவும் ஆங்கிலத்தில் தன்னை, 'நான்' என்பதற்குப் பதில், 'வி' என்றுதானே சொல்லிக்கொண்டிருப்பார்?

பணிவுடன்,
ராஜாங்கம்


கள்ளக்குறிச்சி
24-7-1987

தம்பி ராஜாங்கத்துக்கு,

ஆசிகள். இங்கே மழை இல்லை. எனக்கு உடம்பு சரியாகவே இருக்கிறது.

இலக்கணப்படி நான் போட்டது சரி. மலையில் ஒருவர் ஒரு சொல்லைத் தன் வீட்டுப் பாத்திரம்போல எடுத்து வைத்துக்கொண்டால் அது சொல்லின் குற்றம் இல்லை. தவிர, நடந்தது நல்லதுதானே? ஏர் நின்றுவிட்டது. தர்மன் தன் நிலத்தை உழுகிறான். யார் சொல்லி நின்றது என்று கிளறாதே. நீ பொய் சொல்லவில்லை. அவர்கள் தவறாகக் கேட்டுக்கொண்டார்கள். வாயை மூடிக்கொண்டு பாடம் நடத்து.

நேற்று இரண்டு பேர் தண்ணீர் கேட்டு வந்தார்கள். கச்சிராயபாளையத்தில் மளிகைக் கடை என்றார்கள். மோர் கொடுத்தேன். மரியாதையானவர்கள், நிழலில் நின்றே குடித்தார்கள். மேசைமேல் கிடந்த உன் கடித உறையைப் பார்த்து, "இன்னா அழகு எழுத்து, ஆரு எழுதுனது?" என்று ஒருவன் கேட்டான். என் கொழுந்தன், மலையில் வாத்தியார் என்றேன். "அதான் பாத்தேன்" என்றான். மளிகைக் கடைக்காரர்களின் செருப்பில் அவ்வளவு செம்மண் எப்படி வந்தது என்று அவர்கள் போனபின்தான் தோன்றியது. வாசலைக் கழுவ வேண்டியதாயிற்று.

அண்ணி


மூங்கில்மடுவு
10-8-1987

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். இதை நம்புங்கள்.

இனி எழுதும் உறையில் அனுப்புநர் பெயர் போட மாட்டேன். நீங்களும் வருபவர்களுக்கு மோர் கொடுங்கள், பேச்சு கொடுக்காதீர்கள்.

தொரை என்னிடம் மிகவும் அன்பாக இருக்கிறார். பள்ளிக்கு இரண்டு கட்டு விறகு வந்தது. பிறகு ஒரு குடுவை தேன். சமையல் செய்யும் தைலம்மாள் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன் என்று வேலியோரம் கொட்டிவிட்டாள். "தேனுல ஒண்ணும் கெடையாது சார். ஆனா எறும்பு வர்தான்னு பாத்துகினு கீறேன்" என்றாள். எறும்பு வந்தது. அதன்பிறகும் அவள் சிரிக்கவில்லை.

முந்தாநாள் அவரே வந்தார். பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தார். பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாத்தான் கீது வாத்தியாரே" என்றார். "நாம எழுதுனது நல்லாத்தான் கீது. எப்போ எழுதுனோம்னுதான் நமக்கு ஞாபகம் இல்ல."

காகிதத்தை மடித்து அவரிடம் நீட்டினேன்.

"திருவிழா அன்னிக்கு நீங்க கல்லு மேல நின்னு இத ஜனங்களுக்குப் படிக்கணும். நம்ம குரலு கம்மி."

அந்தக் கல்லின்மேல் இதுவரை அவர் குடும்பத்தைத் தவிர யாரும் கால் வைத்ததில்லை. போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பிள்ளைகள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

ராஜாங்கம்


கள்ளக்குறிச்சி
20-8-1987

தம்பி ராஜாங்கத்துக்கு,

ஆசிகள். உன் கடிதம் வந்த நாளிலிருந்து தைலத்தைத் தடவிக்கொள்கிறேன். திருப்திதானே?

உடனே கீழே இறங்கி வா. லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வா. கேட்டால் அண்ணிக்கு முடியவில்லை என்று சொல். நான் படுத்துக்கொண்டு முனகவும் தயார், எனக்கு அது பிடிக்காத வேலை என்றாலும்.

இங்கேயும் ஊர் கொதிக்கிறது. ஒதுக்கீடு கேட்டு அடுத்த மாதம் ஒரு வாரம் சாலை மறியல் என்று சுவரெல்லாம் எழுதியிருக்கிறார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் லாரிக்காரர்கள் இப்போதே சரக்கு ஏற்ற யோசிக்கிறார்களாம். எல்லோரும் பங்கு கேட்கும் காலம் இது. ஆகவே யாருக்கு என்ன நேர்ந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதுதான் எனக்குப் பயம்.

மாயவன் அந்தக் காகிதத்தில் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். நேற்று வந்து, "அம்மா, இது மலைக்கு மட்டுந்தானா, இல்ல கீழயும் செல்லுமா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். துண்டு தோளில் இருந்தது.

உன் பதிலை எதிர்பார்க்கவில்லை. உன்னையே எதிர்பார்க்கிறேன்.

அண்ணி


மூங்கில்மடுவு
5-9-1987

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். மாயவனுக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே?

வராததற்கு மன்னியுங்கள். லீவு போட்டேன், பிறகு நானே கிழித்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

போன வாரம் தர்மன் வீட்டுக்குப் போனேன். தினை பிடித்திருக்கிறது, இந்த வருஷம் முழுசாக அவனுக்கே. கதவுக்கு மேலே நம் காகிதத்தை ஒட்டி, அதற்குக் குங்குமம் வைத்திருக்கிறான்! காலையில் அதைக் கும்பிட்டுவிட்டு வயலுக்குப் போகிறான். "தொரை கொடுத்ததுதானே வாத்தியாரே" என்கிறான். "அவரு திருப்பிக் கேட்டா?" என்றேன். "கேட்டா கொடுக்கத்தான் வேணும்" என்றான், சாதாரணமாக.

அண்ணி, ராஜா கொடுத்ததாக நம்பித்தான் இவர்கள் ராஜாவிடமிருந்து விடுபட்டிருக்கிறார்கள். கொடுத்தவன் கேட்டால் திருப்பித் தர வேண்டிய பொருளுக்கு விடுதலை என்று பெயர் இல்லை, அது இரவல். தொரைக்கு இது தெரியும். அதனால்தான் கோபப்படாமல் இருக்கிறார். திருவிழாவில் நான் அவர் சொல்லாகப் படித்தால், அடுத்த வருஷம் அவரே அதை ரத்து செய்வார். படிக்காவிட்டால் அன்றைக்கே ரத்து.

ஆகவே கல்லின்மேல் ஏறுவேன். இது அவர் சொன்னதல்ல, உங்கள் வாய்க்காக நான் எழுதியது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். அவ்வளவுதான். என்னை என்ன செய்துவிடுவார், இது ஜனநாயக நாடு.

திருவிழா 17, வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் புறப்பட்டு வந்துவிடுகிறேன். மூட்டை கட்டியாயிற்று. மிளகு ரசம் வையுங்கள்.

ராஜாங்கம்


கள்ளக்குறிச்சி
16-9-1987
(உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது)

ராஜாங்கம்,

விசாரிப்புக்கு நேரமில்லை. உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. நாளையிலிருந்து மறியல். சாலையோரப் புளியமரங்களில் இப்போதே கோடாலிச் சத்தம் கேட்கிறது. பஸ் வராது, ஜீப் வராது, போலீஸ் எல்லாம் சாலையில் நிற்கும். நீ கூப்பிட்டால் மலைக்கு ஏறிவர ஒருவரும் இருக்க மாட்டார்கள். கல்லின்மேல் ஏறாதே. காய்ச்சல் என்று படுத்துக்கொள். உண்மையைப் பொங்கலுக்குச் சொன்னாலும் அது உண்மைதான்.

மாயவனைக் கெஞ்சி இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் யாரையும் கெஞ்சியதில்லை என்பது உனக்குத் தெரியும்.

அண்ணி


மூங்கில்மடுவு அரண்மனை
28-9-1987

கள்ளக்குறிச்சி தங்கமணி அம்மாளுக்கு,

தேவரீர் சௌக்கியமாக இருக்க நமது குலதெய்வத்தைப் பிரார்த்திக்கிறோம். ஆசிரியர் ராஜாங்கம் பற்றி, மறியல் முடிந்தபின் நீங்கள் விசாரித்து ஆள் அனுப்பியதாக அறிந்தோம். திருவிழாவில் நமது விருந்தினராக இருந்து சிறப்பித்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை நாமே ஆள் துணையுடன் அவரைக் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினோம். சன்னல் ஓரத்தில் இடமும் பிடித்துக் கொடுக்கச் சொன்னோம். அதன்பின் அவர் எங்கு போனார் என்பதை நாம் அறியோம். கலவர காலம். உங்கள் கவலையில் நாமும் பங்கு கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாம்


மூங்கில்மடுவு பள்ளிக்கூடம்
2-10-1987

அம்மாவுக்குத் தைலம்மா கும்பிட்டு எழுதுறது. அம்மா ஒடம்பு எப்படி கீது. நான் அஞ்சாவதுதான் படிச்சேன். தப்பு இருந்தா அம்மா மன்னிக்கணும். நீங்க தப்பு பாப்பீங்கன்னு சார் சொல்லுவாரு.

திருவிழா அன்னிக்கு சார் கல்லு மேல ஏறுனாரு. செருப்பக் கழட்டி வெச்சிட்டு ஏறுனாரு. பேப்பரப் படிக்கல. இது தொரை சொன்னது இல்ல, நாங்க சொன்னதுன்னு சொன்னாரு. தர்மன் அழுவுற கொரல்ல, நாங்கன்னா ஆரு வாத்தியாரே, நான் ஒண்ணும் சொல்லலியேன்னு கேட்டுட்டான். அப்புறம் ஒருத்தரும் வாயத் தொறக்கல. நானும் தொறக்கல. சார் எங்களயே பாத்துகினு நின்னாரு. தொரைதான் சிரிச்சாரு. வாத்தியாருக்கு வெயிலு ஆவல, உள்ள கூட்டிகினு போங்கன்னாரு. நாலு பேரு பதமா கையப் புடிச்சி எறக்கிக் கூட்டிகினு போனாங்க.

அவுரு கட்டி வெச்ச மூட்டை பள்ளிக்கூடத்துல அப்பிடியே கீது. செருப்பு கல்லாண்டயே கெடந்துச்சி. நான் எடுத்தாந்து வெச்சிருக்கேன். பஸ்ஸு ஏறுனாருன்னு சொல்றாங்க. திருவிழாலேந்து ஒரு வாரத்துக்கு பஸ்ஸு சத்தமே நான் கேக்கல.

முதல் தினைக்கு ஆள் வந்துச்சி. தர்மன் கொடுக்கல. கதவு மேல ஒட்டுன பேப்பரக் கிழிச்சிட்டான். தொரை சொன்னாருன்னு இல்ல, சார் எங்கன்னு தொரை சொல்ற வரைக்கும் கொடுக்க மாட்டோம்னான். அவன் சொன்ன பெறவு எதுத்தாப்ல கீற பாப்பாத்தி வூட்லயும் கொடுக்கல. அப்புறம் ஒரு வூட்லயும் கொடுக்கல. கல்லடி காலியா கீது. ராவுல கதவுக்கு வெளிய ஆள் நடக்குது. பயமாத்தான் கீது. ஆனா நாங்க கல்லாண்ட போவல.

தைலம்மா


கள்ளக்குறிச்சி
9-10-1987

மூங்கில்மடுவில் வசிக்கும் ஐயாவுக்கு,

தங்கள் நலத்தை விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. என் நலத்துக்காகத் தாங்கள் பிரார்த்திக்கவும் வேண்டாம்.

தங்கள் கடிதத்தில் இரண்டு பிழைகள். முதலாவது, செப்டம்பர் பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சிக்கு எந்தப் பஸ்ஸும் வரவில்லை. அதற்கு முந்தின நாளே சாலையில் மரங்கள் விழுந்துவிட்டன. என் கடிதத்தோடு புறப்பட்ட மாயவன் கச்சிராயபாளையத்தைத் தாண்ட முடியாமல், வந்த வழியே நடந்து திரும்பினான். ஓடாத பஸ்ஸில் சன்னல் ஓரம் பிடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் சொன்னால் பஸ் ஓடியதாகிவிடும் என்று இத்தனை நாள் பழகியிருக்கிறீர்கள். குற்றம் உங்களுடையது மட்டுமல்ல, பழக்கியவர்களுடையதும்தான்.

இரண்டாவது, தனி ஒரு மனிதர் தன்னைக் குறிக்கும் சொல் 'நான்'. அந்தச் சொல்லில் ஆரம்பித்து ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். ராஜாங்கம் எங்கே?

உங்கள் கடிதத்தின் நகலும் இதன் நகலும் கலெக்டருக்கும் போலீஸ் சூப்பிரண்டுக்கும் போயிருக்கின்றன. அவர்கள் பதில் சொல்லத் தாமதமாகலாம். நான் அதுவரை காத்திருக்கவில்லை.

அந்தக் காகிதத்தை மறுபடி அச்சிட்டிருக்கிறேன். இந்த முறை ராஜாங்கம் எழுதியது எழுதியபடியே, ஓர் எழுத்தும் திருத்தவில்லை. 'கருப்பு' என்றே இருக்கிறது. 'நாங்க' என்றே இருக்கிறது. அடியில் பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டிருந்தார். அவர் பெயரைப் போடவில்லை, என் பெயரைப் போட்டிருக்கிறேன். மாயவன் தன் பெயரையும் போடச் சொன்னான். எந்த நிலத்துக்காகச் சொல்கிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மலைக்கு வருகிறோம். தைலம்மாளிடம் இருக்கும் செருப்பை வாங்கிக்கொண்டு, அது கிடந்த இடத்துக்கு வந்து நிற்போம். கல்லின்மேல் ஏறும் உத்தேசம் எனக்கு இல்லை, முழங்கால் இடம் கொடுக்காது. கீழே நின்றே கேட்கலாம்.

யார் வருகிறார்கள் என்று கேட்பீர்கள். நான், மாயவன். அங்கே தைலம்மாள், பாப்பாத்தி, தர்மன், தினை கொடுக்காத ஒவ்வொரு வீடும். நீங்கள் இல்லை. உங்களை வெளியே நிறுத்திவிட்டுப் பேசத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது.

நாங்கள் வருகிறோம்.

தங்கமணி